பொதுவில் ஆக்கிய ஆட்டங்கள்

திம்புள்ளத் தோட்டங்களில் காமன் கூத்தைக் கண்டவர்கள் ஒன்றை அறிவார்கள்: அதற்கு முதலாளி இல்லை. மாசியில் கம்பம் நடுவதிலிருந்து காமன் தகனம் வரை தப்பு அடிப்பவரும், ரதி வேஷம் கட்டுபவரும், கூத்து வாத்தியாரும் பகலில் மலையில் வேலை செய்து திரும்பியவர்களே. பாட்டு எவருடைய சொத்துமல்ல. இம்மரபில் வளர்ந்த நாம், கணினி உலகில் இதே முறையில் பிறந்து இன்று தேய்ந்துவரும் ஒரு கலையை அலட்சியம் செய்ய இயலாது. ஆடுபவர் தம் கண்கொண்டே களத்தைக் காண்பதுபோல் அமைந்த துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளைக் கூலி பெறாத தொண்டர்கள் ஆக்கி, மூலநிரலையும் யாவர்க்கும் திறந்துவைத்தார்கள். அவற்றையே குறிப்பிடுகிறோம். துப்பாக்கி விளையாட்டில் கலை என்ன, முற்போக்கு என்ன என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நாமும் முதலில் சுளித்தவர்களே.

அமெரிக்காவின் இட் சொப்ட்வெயார் நிறுவனம் 'குவேக் 3' விளையாட்டின் மூலநிரலை 2005 ஆகஸ்டில் பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டது. ஆனால் படங்களும் ஒலிகளும் களங்களும் நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தன. எலும்பு கிடைத்தது, தசை கிடைக்கவில்லை. அத்தசையைத் தம் ஓய்வு நேரத்தில் வளர்க்க முன்வந்தவர்களின் படைப்பே 'ஓபன் அரீனா'. 2012 இல் அதன் 0.8.8 ஆம் பதிப்பு வெளிவந்தது. அதன்பின் அடுத்ததை எதிர்பார்த்தே ஆண்டுகள் கழிந்தன.

'நெக்ஸூயிஸ்' கதை இன்னும் கசப்பானது. 2005 இல் வெளிவந்து பலரது உழைப்பால் வளர்ந்த அவ்விளையாட்டின் பெயரைப் பயன்படுத்தும் உரிமை, 2010 இல் இல்ஃபொனிக் என்னும் வணிக நிறுவனத்தின் கைக்குச் சென்றது. சினமுற்ற தொண்டர்கள் வெளியேறி 'சொனோட்டிக்' என்ற புதுப்பெயரில் பணியைத் தொடர்ந்தார்கள். வணிகப் பதிப்பு 2012 இல் விற்பனைக்கு வந்தது. அதை வெளியிட்ட டி.எச்.க்யூ நிறுவனமோ அதே ஆண்டு டிசம்பரில் திவால் மனுச் செய்தது. தொண்டர்களின் சொனோட்டிக் 2023 இலும் புதிய பதிப்பைக் கண்டது. பெயரை விற்கலாம், திறந்த மூலநிரலைப் பூட்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் ஆடுவோர் கூட்டம் குறைந்ததை மறுப்பதற்கில்லை. நிறுவனங்கள் தாமே விலையின்றி விளையாட்டுகளை வழங்கத் தொடங்கியதும் தொண்டர்களின் ஆட்டம் தன் வெளிப்படையான கவர்ச்சியை இழந்தது. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் அக்குழப்பம் இல்லை. சொல்லில் இல்லாத குழப்பம் வாழ்க்கையில் புகுந்துவிட்டது. ஆயிரம் ரூபா நாட்கூலி 2021 இல் சட்டபூர்வமாவதற்கே ஆண்டுக்கணக்கில் போராடிய குடும்பங்களில் கணினி எங்கிருந்து வரும்? 2020 இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடத்துக்கென்று லயத்துக்குள் வந்தது கைபேசி. அதன் வழியே 'ஃப்ரீ ஃபயர்', 'பப்ஜி' ஆகியனவும் வந்தன. ஆடுவதற்குக் காசில்லை, துப்பாக்கிக்கும் சட்டைக்கும் வண்ணம் பூசவே காசு. அவற்றைப் பிரித்துப் பார்க்கவோ மாற்றவோ நம் பிள்ளைகளுக்கு உரிமையில்லை. கணினியையும் சுட்டியையும் நம்பிப் பிறந்த தொண்டர் விளையாட்டுகள் இவ்வீடுகளை எட்டவேயில்லை.

பழி முழுவதையும் சந்தையின் தலையில் சுமத்திவிட்டு விமர்சகன் ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது. இப்படைப்புகளின் உள்ளேயும் குறை உண்டு. மூலநிரலைப் பொதுவாக்கிய கைகள் கற்பனையை மட்டும் பழைய எசமானிடமே இரவல் வாங்கின. அதே மூடிய களம், அதே ஓட்டம், அதே சூடு. ஊரில்லை, பேரில்லை, எதற்காகச் சுடுகிறோம் என்ற கேள்வியும் இல்லை. காமன் கதையும் இரவல்தான், கடல் கடந்து வந்த புராணந்தான். ஆனால் கணவனை இழந்த ரதி புலம்புகையில், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெண் தன் வீட்டுச் சாவை நினைத்து முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். இரவல் வாங்கியதைத் தமதாக்கும் அந்த வேலை இவ்விளையாட்டுகளில் தொடங்கவேயில்லை. தொழில்நுட்பத்தில் நிறுவனத்தோடு போட்டியிட்டவர்கள், நிறுவனம் சொல்லத் துணியாததைச் சொல்ல முயன்றிருந்தால் சிலராவது அவர்களுடன் நின்றிருப்பார்கள்.

ஓபன் அரீனாவின் மூலநிரல் இன்றும் எடுப்பார் கைக்குக் கிடைக்கிறது. பள்ளி அறையில் தூசி படிந்து கிடக்கும் பழங்கணினியிலும் அது ஓடும். களத்தின் சுவர்களை இடித்துவிட்டு அங்கே ஒரு பிரட்டுக்களத்தை வரைய எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.