முனையத் திறன் அளவீட்டில் தரவு உறைப் பகுப்பாய்வு: ஒரு மதிப்பீடு

துறைமுக முனையங்களின் செயல்திறனை ஒப்பிடும் ஆய்வுகளில் தரவு உறைப் பகுப்பாய்வு பெரிதும் கையாளப்படுகிறது. சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகியோர் 1978இல் முன்வைத்த இம்முறையை ரோல், ஹயூத் ஆகிய இருவரும் 1993இல் 20 கற்பனைத் துறைமுகங்களைக் கொண்டு விளக்கினர். டோங்சன் 2001இல் வெளியிட்ட ஆய்வு, ஆஸ்திரேலியாவின் 4 துறைமுகங்களைப் பிற நாடுகளின் 12 துறைமுகங்களோடு ஒப்பிட்டது.

கப்பல்தள நீளம், பளுதூக்கிகளின் எண்ணிக்கை, முனையப் பரப்பு போன்றவை உள்ளீடுகளாகவும், ஓராண்டில் கையாளப்பட்ட கொள்கலன்கள் வெளியீடாகவும் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. சிறந்த முனையம் 1 என்னும் மதிப்பைப் பெறும். ஏனையவை அதனோடு ஒப்பிடப்படும். உள்ளீடுகளுக்குரிய எடைகளை ஆய்வாளர் முன்கூட்டியே வகுக்க வேண்டியதில்லை என்பது இம்முறையின் சிறப்பு. எனினும், ஒப்பிடப்படும் முனையங்கள் குறைவாகவும் மாறிகள் மிகுதியாகவும் இருப்பின், பல முனையங்கள் 1 என்னும் மதிப்பை எளிதில் பெற்றுவிடுகின்றன.

இதனினும் அடிப்படையான சிக்கல், வெளியீடு எண்ணப்படும் முறையில் உள்ளது. சென்னையில் இறங்கும் இறக்குமதிக் கொள்கலன் சுங்கச் சோதனை முடிந்து தரைவழியே வெளியேறுகிறது. அது ஒருமுறையே எண்ணப்படுகிறது. கொழும்பில் பெரும்பகுதி, ஒரு கப்பலிலிருந்து இறக்கி மற்றொரு கப்பலில் ஏற்றப்படும் சரக்காகும். அத்தகைய கொள்கலன் இறங்கும்போதும் ஏறும்போதுமாக இருமுறை எண்ணப்படுகிறது. பளுதூக்கியைப் பொறுத்தவரை இது முறையே. அது இருமுறை உழைக்கிறது. ஆனால், அடுக்குத் தளத்தில் அக்கொள்கலன் ஒருமுறையே இடம்பிடிக்கிறது. நிலவாயிலுக்கோ அதனால் வேலையே இல்லை. எனவே முனையப் பரப்பை உள்ளீடாகக் கொள்ளும் ஆய்வு இவ்விரு துறைமுகங்களையும் ஒரே தொகுப்பில் வைக்கும்போது, வணிகத்தின் தன்மையால் விளையும் வேறுபாட்டைத் திறனின் வேறுபாடாகக் கருதிவிடுகிறது.

உலக வங்கி 2021இல் முதன்முதலாக வெளியிட்ட கொள்கலன் துறைமுகச் செயல்திறன் குறியீடு, கப்பல் துறைமுகத்தில் செலவிடும் நேரத்தை அளக்கிறது. காலத்தைக் கணக்கில் கொண்டமையால் இது ஒரு முன்னேற்றமே. ஆயினும் இது கப்பல் நிறுவனத்தின் காத்திருப்பையே காட்டுகிறது. கப்பல் சென்றபின் முனையத்தில் தேங்கும் கொள்கலனுக்காகச் சரக்கு உரிமையாளர் காத்திருக்கும் நாள்களை இது அளப்பதில்லை.

இக்குறைபாடு கோட்பாட்டு அளவில் நின்றுவிடுவதன்று. நிலவாயிலில் நேரும் தாமதம் பளுதூக்கியின் குறையாகக் கருதப்படின், முதலீடு தேவையற்ற இடத்திற்குச் சென்றுவிடும். ஆகவே பளுதூக்கியின் திறனைத் தூக்குகளின் எண்ணிக்கையாலும், அடுக்குத் தளத்தின் திறனைக் கொள்கலன்களின் எண்ணிக்கை, தங்கும் நாள்கள் ஆகியவற்றாலும், நிலவாயிலின் திறனை வண்டிகள் காத்திருக்கும் நேரத்தாலும் தனித்தனியே அளந்த பின்னரே முனையங்களை வரிசைப்படுத்துவது பொருந்தும்.