மூடிய பிறகும் மூடாதவை: டன் டிரைவரின் திருத்தங்கள்

சேலத்தில் வீட்டிலிருந்தே சென்னை அலுவலக வேலையைப் பார்ப்பவர் ஓபன்விபிஎன்னை இயக்கியதும், அவருடைய லினக்ஸ் கணினியில் இல்லாத நெட்வொர்க் கார்டு ஒன்று முளைக்கிறது. முளைக்க வைப்பது வழக்கமாக டன் டிரைவர். மெய்நிகர் கணினிகளுக்கு இதே டிரைவரின் டேப் முறை. கார்டில் கேபிள் செருகும் இடத்தில் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் இருக்கிறது. நிரல் அதில் எழுதினால் பாக்கெட் கெர்னலுக்குப் போகும், கெர்னல் அனுப்புவதை அதிலேயே படிக்கலாம். நிலைத்திருக்கும்படி தனியாகக் கேட்காவிட்டால், அதை மூடியதும் கார்டும் மறையும். இந்த எளிமைதான் டிரைவரின் பெரிய பலம்.

2013 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 3.8இல் அந்த எளிமை குலைந்தது. ரெட் ஹாட்டின் ஜேசன் வாங் எழுதிய மாற்றத்தால் ஒரே கார்டுக்குப் பல வரிசைகள் கிடைத்தன, வரிசைக்கு ஒரு டிஸ்கிரிப்டர். வைகுந்தம் சுங்கச்சாவடியில் ஒரே லேன் திறந்திருப்பதற்கும் எல்லா லேன்களும் திறந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் பல சிபியு கொண்ட மெய்நிகர் கணினிக்குக் கிடைத்தது. ஆனால் நடுவில் ஒரு வரிசையை மூடினால், கடைசி வரிசை அந்தக் காலியிடத்துக்கு நகர்த்தப்பட்டு அதன் எண் மாறுகிறது. வரிசையை மூடாமலே கழற்றியும் வைக்கலாம். டிஸ்கிரிப்டர் திறந்திருக்கும், பாக்கெட் வராது. கார்டு, வரிசை, டிஸ்கிரிப்டர் மூன்றுக்கும் தனித்தனி ஆயுள். எது கடைசியில் சாகவேண்டும் என்பதற்கு விடை மூலநிரல் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது.

அதன்பின் வந்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஒட்டுகள். சில வரி மாற்றத்தை மதிப்பிடுவது சுலபம், பழைய கெர்னல்களுக்கும் கொண்டுபோகலாம், பழைய நிரல்களும் உடையாது. இந்த நன்மைகளைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். 2022 ஜூனில் மூடுதல், கழற்றுதல், அழித்தல் ஆகியவற்றை வெவ்வேறு வரிசைமுறையில் செய்துபார்க்கும் சோதனைகளைச் சேர்த்தது, என் கணக்கில், அந்த ஆண்டின் மிக உருப்படியான வேலை. ஆனால் நவம்பரில் இன்னொரு ஓட்டை திருத்தப்பட்டது. வரிசையை மூடும்போது அதனோடு இணைந்த சாக்கெட்டை முந்தி விட்டுவிட்டதால், விடுவிக்கப்பட்ட நெட்வொர்க் பெயர்வெளியை (நேம்ஸ்பேஸ்) கெர்னல் மறுபடி தொட்டது. சோதனைகள் பார்த்தது வரிசையின் ஆயுளை, சிக்கியதோ பெயர்வெளியின் ஆயுள்.

ஒட்டுமுறையின் பலவீனத்தைப் பச்சையாகக் காட்டியது 2023. டன் சாக்கெட்டின் உரிமையாளர் எண்ணைக் கெர்னல் தவறான இடத்திலிருந்து படித்ததால், யார் திறந்தாலும் 0, அதாவது ரூட், என்று பதிவானது. பயனர் எண்ணைப் பார்த்து வடிகட்டும் ஃபயர்வால் விதிகள் ஏமாற இது போதும். பிப்ரவரியில் திருத்தினார்கள்: டிவைஸ் கோப்பின் உரிமையாளர் எண்ணை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் கோப்பு வழக்கமாக ரூட்டுக்குச் சொந்தம். மறுபடியும் 0! திறந்தவரின் எண்ணையே எடுக்கும் சரியான திருத்தம் ஆகஸ்டில்தான் சேர்ந்தது. சாதாரணப் பயனராகத் திறந்து அந்த எண்ணைச் சரிபார்க்கும் ஒரு சோதனை முதல் ஒட்டோடு வந்திருந்தால் பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும்.