மைக்ரோவாட்டில் ஒரு காது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், பிறவியிலேயே காது கேளாத 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு காக்ளியர் இம்பிளாண்ட் என்ற செவிக்கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. போடியிலும் கம்பத்திலும் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் கூலிக் குடும்பங்கள் பல லட்ச ரூபாய்க் கருவியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. தமிழ்நாடு தாராளமாகப் பெருமைப்படலாம். ஆனால் அறுவை சிகிச்சை ஒருநாள் காரியம்; பேட்டரிச் செலவு ஆயுளுக்கும்.

இந்தக் கருவியின் வெளிப்பகுதியாகக் காதுக்குப் பின்னால் மாட்டும் செயலிகள் (பிராசசர்கள்) பலவற்றில் 675 எண் கொண்ட துத்தநாக-காற்று பேட்டரி போடுகிறார்கள். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சிறு தாளை உரித்ததும் காற்று புகுந்து வேலை தொடங்கிவிடும். பிறகு குழந்தை கருவியைக் கழற்றிவைத்தாலும் பேட்டரி தேய்ந்துகொண்டேதான் இருக்கும். ஒரு செட் சில நாள் தாங்கினால் உண்டு. ரீசார்ஜ் வகை இருக்கிறது. அதுவும் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், விலையும் கூடுதல். ஆனி, ஆடியில் குமுளிப் பக்கமிருந்து சாரல் இறங்கும்போது ஈரத்துக்குப் பயந்து இரவு முழுக்க சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்க வேண்டும். கருவி குடிக்கும் மின்சாரத்தைக் குறைப்பது இங்கே ஆய்வுக்கூடத்துப் பெருமை அல்ல, வீட்டு வரவுசெலவு.

டிஜிட்டலைவிட அனலாக் சுற்றே சிக்கனம் என்ற வடிவமைப்பாளர்களின் வாதம் இந்த இடத்தில்தான் வலுவாக நிற்கிறது. பிராசசரின் வேலை இவ்வளவுதான்: மைக் பிடித்த ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரிக்க வேண்டும்; ஒவ்வொரு பட்டையின் ஏற்ற இறக்கத்தை அளக்க வேண்டும்; அதைச் சுருக்கி உள்காதின் காக்ளியாவுக்குள் இருக்கும் மின்முனைகளுக்கு அனுப்ப வேண்டும். நல்ல காது 120 டெசிபல் வீச்சைத் தாங்கும். மின்முனை வழியே கேட்பவருக்கோ, கேட்கத் தொடங்கும் அளவுக்கும் பொறுக்க முடியாத அளவுக்கும் இடையே பெரும்பாலும் 10 முதல் 20 டெசிபல்தான். அதற்குள் பிரித்தறியக்கூடிய படிகளும் கொஞ்சமே. கடைசியில் இத்தனை முரடாக முடியப்போகும் தகவலுக்கு வழியெல்லாம் மிகைத் துல்லியம் எதற்கு?

எம்.ஐ.டி.யில் இருந்தபோது ராகுல் சர்பேஷ்கர் இந்தக் கேள்வியைக் கணக்காக்கினார். அனலாகில் துல்லியத்தைக் கூட்டக் கூட்ட மின்செலவு மடங்கு மடங்காக ஏறும். டிஜிட்டலில் மெல்ல ஏறும். துல்லியம் அதிகம் வேண்டிய இடத்தில் டிஜிட்டல் ஜெயிக்கும், குறைவாகப் போதுமான இடத்தில் அனலாக். அவர் குழு 2005இல் வெளியிட்ட 16 பட்டைச் செயலி 211 மைக்ரோவாட்டில் ஓடியது. அன்றைய டிஜிட்டல் செயலிகளின் கணக்கு மில்லிவாட்டில் இருந்தது. டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்குமுன் கசியும் மின்னோட்டத்தை டிஜிட்டல்காரர்கள் நஷ்டம் என்று எழுதிவைப்பார்கள். இந்த வடிவமைப்பில் அந்தக் கசிவே கணக்குப் போடுகிறது. நம் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டத்துச் சொட்டுநீர்ப் பாசனம் போன்ற சிக்கனம் இது.

ஆனால் அந்தக் கசிவு பொல்லாதது. ஒரே சிப்பில் பக்கத்துப் பக்கத்தில் செய்த இரண்டு டிரான்சிஸ்டர்களின் திறப்பு மின்னழுத்தம் 10 மில்லிவோல்ட் வேறுபட்டால் போதும், மின்னோட்டம் கால்பங்குக்கு மேல் மாறிவிடும். வெப்பநிலைக்கும் அது ஆடும். சித்திரை வெயிலில் சின்னமனூர், மார்கழிக் குளிரில் மேகமலை என்று அலையும் கருவிக்கு இது சின்ன விஷயமல்ல. ஈடுகட்டும் சுற்றுகள் உண்டு. அவற்றையும் சேர்த்து, ஒவ்வொரு சிப்பையும் தனித்தனியே சரிபார்த்துத் திருத்தும் செலவைப் போட்டால் லாபம் குறைகிறது.

அதைவிடப் பெரிய குறை இறுக்கம். நோயாளிக்கேற்ப அளவுகளை மாற்றலாம். ஒலியைப் பிரிக்கும் முறையை மாற்ற முடியாது, அது சிப்பிலேயே பொறித்தாகிவிட்டது. தமிழுக்கு இது முக்கியம். குறில் நெடில் வேறுபாடு ஒலிக்கும் நேரத்தில் இருக்கிறது, பட்டைகளின் ஏற்ற இறக்கமே அதைக் காட்டிவிடும். ல, ள, ழ வேறுபாடு உயர் அதிர்வெண்களில் ஒலி எங்கே திரள்கிறது என்பதில் இருக்கிறது; 16 பட்டைச் சல்லடைக்கு அது மிக நுணுக்கம். (பள்ளத்தாக்குப் பேச்சில் ‘பழம்’ பலர் வாயில் ‘பளம்’தான் என்பதால் வீட்டில் பிரச்சினையில்லை, பள்ளிக்கூட டிக்டேஷனில்தான் வினை.) நாளை இதற்கு நல்ல முறை ஒன்று வந்தால் டிஜிட்டல் பிராசசரில் மென்பொருளாக ஏற்றலாம். சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனங்கள் டிஜிட்டலைப் பிடித்துக்கொண்டதற்கு இது நியாயமான காரணம்.

அனலாக் ஆதரவாளர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்றும் உண்டு. கருவியின் மின்செலவு ஒலியைப் பிரிப்பதோடு முடிவதில்லை. தோலைத் தாண்டிக் கம்பியில்லாமல் சக்தி அனுப்புவதிலும், நரம்பைத் தூண்டுவதிலும் பெரும்பங்கு போகிறது. செயலியை மட்டும் சிக்கனமாக்கினால் பேட்டரி ஆயுள் அதே விகிதத்தில் நீளாது. இதைச் சரியாகப் புரிந்துகொண்டது சென்னையில் பிறந்த ஆனந்த சந்திரகாசனின் எம்.ஐ.டி. குழு. 2014இல் அவர்கள் காட்டிய சிப், நடுச்செவியின் அதிர்வையே உணர்ந்து, வெளி மைக்கும் பிராசசரும் இல்லாமல் உடலுக்குள்ளேயே இயங்கும் நோக்கத்தில் செய்யப்பட்டது. நரம்பைத் தூண்டும் அலைவடிவத்தையும் சிக்கனமாக மாற்றியிருந்தார்கள். தூண்டுதலையும் சேர்த்து மொத்தச் செலவு 572 மைக்ரோவாட். முன்பகுதி அனலாக், கட்டுப்பாடு டிஜிட்டல். என் தீர்ப்பும் இந்தக் கலப்புக்கே. தூய அனலாக் அறிவுக்கு விருந்து, ஆனால் முப்பது ஆண்டு ஒரு மனிதரோடு வாழ வேண்டிய கருவிக்கு அது போதாது.

சிப் எதுவானாலும் தொடரும் செலவு குடும்பத்தின் தலையில்தான். கம்பத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். கருவியின் அளவுகளைக் குழந்தைக்கேற்பத் திருத்தும் மேப்பிங்குக்காக ஒருமுறை போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு. கருவி வாங்க ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கும் அதிகாரிகள் கொள்முதல் விலையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒரு குழந்தைக்குப் பத்தாண்டுப் பேட்டரிச் செலவு எவ்வளவு, பழைய பிராசசருக்கு எத்தனை ஆண்டு உதிரிபாகம் கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் நிறுவனங்களிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.