கணினித் தூரிகையும் கைவண்ணமும்

ஓவியக் கலையில் வண்ணத்திற்குள்ள இடம் யாவரும் அறிந்ததே. தாளின் சொரசொரப்பிற்கும் துணியின் இழைக்கும் உள்ள இடமோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கரிக்கோல் தாளின் மேடுகளைத் தொட்டுப் பள்ளங்களை விட்டுச் செல்வதனாலேயே கரிக்கோட்டிற்கு அதன் தனித்தன்மை வாய்க்கின்றது. ஈரம் குறைந்த தூரிகை துணியின்மேல் இழுபடும்பொழுது வண்ணம் விட்டுவிட்டுப் படிகின்றது. இவ்வெதிர்ப்பு, ஓவியனின் கைக்குப் பொருள் தரும் மறுமொழியாகும். அம்மறுமொழியின் தோற்றத்தைக் கண்ணாடித் திரையின்மேல் உண்டாக்க முயல்கின்றன இன்றைய ஓவிய மென்பொருள்கள். அம்முயற்சியால் கலை பெற்றது யாது, இழந்தது யாது என்பன ஆராயத்தக்கவை.

மார்க் ஜிம்மரும் டாம் ஹெட்ஜஸும் உருவாக்கி 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃபிராக்டல் டிசைன் பெயின்டர்’ இத்துறையில் ஒரு திருப்பமாக அமைந்தது. தாளின் மேடுபள்ளங்களையும் கணக்கிற்கொண்டு, கரிக்கோல், சுண்ணக்கோல், எண்ணெய் வண்ணம் ஆகியவற்றின் சாயலைத் தர அது முனைந்தது. பெயிண்டு டின்னில் அடைத்தே அது விற்கப்பட்டது என்பது சுவையான செய்தி. புதிய கருவி பழைய கருவியின் வேடம் பூண்டே அரங்கேறிற்று எனலாம்.

விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளான ‘கிரிட்டா’வை எடுத்துக்கொண்டால் இவ்வேடம் எவ்வாறு புனையப்படுகின்றது என்பது விளங்கும். அதில் பெரிதும் பயன்படும் தூரிகை, உண்மையில் ஒரு சிறு படமே. கோல் நகர நகர அப்படம் நெருக்கமாக அடுத்தடுத்துப் பதிகின்றது. பதிவுகளின் தொடர்ச்சி கண்ணுக்குக் கோடாகத் தெரிகின்றது. அதனோடு தாளின் அல்லது துணியின் இழையமைப்பைக் காட்டும் மற்றொரு படம் கலக்கப்படுகின்றது. கோலை அழுத்தினால் கோடு தடிக்க வேண்டுமா, வண்ணம் செறிய வேண்டுமா, சொரசொரப்பு மாற வேண்டுமா என்பவற்றைப் பயன்படுத்துவோரே வகுத்துக்கொள்ளலாம். தமக்கு வேண்டிய தூரிகையைத் தாமே ஆக்கிக்கொள்ளும் இவ்வுரிமை பெரும்பேறு என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும், குறையும் இங்கேயே தொடங்குகின்றது. கண் காண்பது தாள். கை தொடுவது கண்ணாடி. உண்மைத் தாள் கோலைத் தடுத்துக் கையின் போக்கையே மாற்றும். திரையிலுள்ள சொரசொரப்போ கைக்குக் கட்டுப்படுமேயன்றிக் கையைக் கட்டுப்படுத்தாது. மேலும், ஒரே இழைப்படம் தரையில் ஓடு பதிப்பதுபோல் அடுக்கப்படுவதனால், உற்று நோக்குவார்க்கு அதன் மீள்வரவு புலப்பட்டுவிடும்.

இவ்விடத்தில் டேவிட் ஹாக்னியின் முயற்சி நோக்கத்தக்கது. இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரில் உள்ள வோல்ட்கேட் என்னுமிடத்தில், 2011ஆம் ஆண்டின் இளவேனில் வரவை அவர் ஐபேட் கருவியில் தீட்டினார். அவை பெரிய அளவில் அச்சிடப்பெற்று, 2012இல் இலண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றின் கோடுகள் எண்ணெய் வண்ணமாக நடிக்கவில்லை. ஒளிரும் கண்ணாடியில் பிறந்தவை என்பதனை மறைக்கவுமில்லை. அருகே சென்று காண்பார்க்கு அச்சுத்தாளின் பரப்பு தட்டையாகத் தோன்றலாம். ஆயினும், நாள்தோறும் மாறும் மரத்தையும் பாதையையும் கூர்ந்து கண்ட கண் அங்கே இருக்கின்றது. சொரசொரப்பு இல்லாமையால் அப்படங்கள் வறியனவாகிவிடவில்லை.

இதற்கு மாறான நிலையும் உண்டு. இலைத் தூரிகை, முகில் தூரிகை, கூந்தல் தூரிகை என ஆயத்தமாகக் கிடைப்பவற்றைக் கொண்டு ஒரே இழுப்பில் ஒரு காட்டையே படைத்துவிடலாம். அக்காட்டில் ஓவியன் கண்ட இலை ஒன்றேனும் இராது. மாணவர் சிலர் மனப்பாடம் செய்த அழகுத் தொடர்களைக் கோத்துக் கட்டுரை எழுதுவதை இஃது ஒத்திருக்கின்றது. கட்டுரையில் காலைக் கதிரவன் எழுவான், பறவைகள் பாடும். ஆனால், எழுதிய மாணவன் எந்தக் காலையைக் கண்டான் என்பது மட்டும் தெரியாது. இரவல் தொடர் மொழிக்குச் செய்யும் தீங்கினையே இரவல் தூரிகை ஓவியத்திற்குச் செய்கின்றது.

அவ்வாறாயின் தூரிகைகளைப் பகிர்ந்துகொள்வதே தவறாகுமா? ஆகாது. ‘பெப்பர் அண்டு கேரட்’ என்னும் படக்கதையைக் கிரிட்டாவில் தீட்டி 2014 முதல் வெளியிட்டுவரும் பிரெஞ்சு ஓவியர் டேவிட் ரெவோய், தாம் அமைத்த தூரிகைகளை எவரும் பயன்கொள்ளுமாறு வழங்கியுள்ளார். அத்தகைய தூரிகையைப் பெறும் மாணவன் அதனைத் திறந்து, அதன் அமைப்பைக் கற்று, தன் தேவைக்கேற்ப மாற்றுவானாயின் அது கல்வி. மாற்றாமலும் ஆராயாமலும் பதித்துச் செல்வானாயின் அது வெறும் முத்திரை.

தமிழ்ப்பள்ளிகளில் காட்சிக்கலை கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனால் ஒரு கடமை எழுகின்றது. கணினியை விலக்குதல் வேண்டா. ஆனால், அதற்கு முன்னரே மாணவன் ஒரு கரித்துண்டைச் சொரசொரப்பான தாளில் தேய்த்துப் பார்த்திருத்தல் வேண்டும். மேட்டில் கரி படிவதையும் பள்ளம் வெண்மையாக எஞ்சுவதையும் அவன் கண்ணும் விரலும் அறிதல் வேண்டும். அதனை அறிந்தவனே திரையில் எதனை அமைப்பது, எதனை விடுப்பது எனத் தேர்வான். அறியாதவனுக்கு ஆயிரம் தூரிகைகள் இருப்பினும், அவற்றுள் ஒன்றும் அவனுடையது ஆகாது.