யாமமும் தப்பொலியும்

தொல்காப்பியர் குறிஞ்சிக்கு வகுத்த சிறுபொழுது யாமம். இரவுக்குறியில் தலைவனை எதிர்நோக்கும் தலைவி துயில் துறப்பது காதலின் பொருட்டு. தேயிலை ஏறிய மலைகளின் இலக்கியத்திலோ பொழுது மாறிவிடுகிறது. சக்தீ பாலையாவின் தமிழாக்கமாக 1969 இல் வெளிவந்த சி. வி. வேலுப்பிள்ளையின் 'தேயிலைத் தோட்டத்திலே' தப்பொலியோடு விடிகிறது. அவ்விடியலை இயற்கை வருணனையாக மட்டும் சுவைப்பது பிழையான வாசிப்பாகும். தப்பு பெரட்டுக்கான அழைப்பு. அதற்கு முன்னரே எழுந்து அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டவள் பெண். அவளுடைய இரவு எங்கே முறிந்தது என்பதை அவ்வொலியைக் கொண்டு அளக்க இயலாது.

முற்கால ஐரோப்பியர் ஓரிரவில் இருமுறை துயின்றனர் என்பது 2005 இல் நூல் வெளியிட்ட ரொஜர் ஈகேர்ச்சின் கருத்து. நாள்தோறும் 14 மணிநேரம் இருளில் வைக்கப்பட்டோரின் துயில் இரண்டாகப் பிரிந்ததைத் தோமஸ் வேரின் 1992 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இவற்றை ஆதாரமாக்கி, துயிலைத் துண்டாடி வாழ்வதே மனித இயல்பு எனப் போற்றுவோர் உளர். ஆனால் அங்கே இடைவிழிப்பு நீண்ட ஓய்வின் ஒரு பகுதி. பிளந்தது இருளேயன்றி ஏவல் அன்று.

அட்டன், நுவரெலியாப் பகுதித் தொழிற்சாலைகளில் பகலிற் பறித்த கொழுந்து இரவு முழுவதும் வாட்டுத்தட்டில் கிடக்கும். வாட்டம் பதமானதும், பின்னிரவாயினும், உருளை சுழலவேண்டும். தாமதித்தால் தேயிலையின் தரம் கெடும். இரவு வேலை முடித்தவன் மீதித் துயிலைப் பகலில் லயத்து அறையிலேதான் தேடவேண்டும். நடுச்சுவருக்கு அப்பால் அயற்குடும்பத்தின் பகல் அப்போதுதான் தொடங்கியிருக்கும்.