மயான காண்டத்தின் அச்சம்

அச்சமும் பாட்டும் ஓரிரவில் ஒருங்கே வேண்டுவோர்க்கு அமைந்த இசைநாடகம் அரிச்சந்திர மயான காண்டம். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989) இதனாற் பெரும்புகழ் எய்தினார். சுடலை, நள்ளிரவு, பாம்பு தீண்டிய பாலகன். பேய்க்கதைக்கு வேண்டுவன யாவும் உள. ஆயினும் நம்மை நடுக்குவது பேயன்று. பெற்ற மகனின் பிணத்துக்குத் தந்தையே கூலி கேட்கும் கணமாம். காற்பணம், முழத்துண்டு என அவன் கணக்குரைக்கையிற் சிறுவர் உறங்கிவிடுவர், முதியோர் உறங்கார்.

கோவலன் கூத்தில் ஊறிய முல்லைத்தீவார்க்கு இங்கொரு குறை தோன்றும். வற்றாப்பளையில் நாம் வணங்கும் கண்ணகி, கணவன் கொலையுண்டதும் நீதி கேட்டு மதுரையை எரித்தாள். சந்திரமதியோ கூலிக்கு வழியின்றிக் கலங்குகிறாள், சினமே இல்லை. ஈற்றில் இறைவன் தோன்றி மைந்தனை எழுப்புதலும் எனக்கு உவப்பன்று. அதுவரை வளர்ந்த அச்சத்தை அது நொடியிற் கலைத்துவிடுகிறது.