மின்கணக்கைக் கேட்கும் உதவியாளர்

தூத்துக்குடியில் விசைப்படகுத் தொழிலாளி ஒருவரின் வீட்டை எண்ணிப் பாருங்கள். ஜூன் மாத முடிவில் மின்கட்டணம் வழக்கத்தைவிட மிகுதியாக வந்திருக்கிறது. "ஏன் ஏறியது?" என்று இல்லத்தரசி கைப்பேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கேட்கிறார். "உங்கள் மின்கணக்கை என்னுடன் இணையுங்கள், சொல்கிறேன்" என்று அது விடையளிப்பதாக வைத்துக்கொள்வோம். இணைக்கலாமா?

முதலில் இதன் பயனைக் காண்போம். நம் மாநிலத்தில் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்தது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தைக் கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவானால், முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு ரூ. 2.25 வீதம் 225. அடுத்த 200-க்கு ரூ. 4.50 வீதம் 900. கடைசி 100-க்கு ரூ. 6 வீதம் 600. மொத்தம் ரூ. 1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் வேறு பட்டியல் பொருந்தும். அப்போது 100-க்கு மேற்பட்ட 300 யூனிட்டுக்கும் ரூ. 4.50 வீதம் 1,350. அடுத்த 100-க்கு 600. கடைசி யூனிட்டுக்கு 8. மொத்தம் ரூ. 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! இதை முன்கூட்டியே எச்சரிக்கும் உதவியாளர் பயனுள்ளவரே, ஐயமில்லை.

ஆனால் இங்கேயே முதற்குறை தோன்றுகிறது. இத்தகைய உதவியாளர் அடிப்படையில் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதும் பொறி. கட்டண விகிதமோ 2022-க்குப் பின்னரும் மாறியிருக்கிறது. பழைய பட்டியலைப் படித்த பொறி, தவறான தொகையையும் தயங்காமல் சொல்லிவிடும். ஆகவே, அன்றைய பட்டியலை வைத்துக் கணக்கிடும் தனி நிரல் அதனுடன் இருந்தாக வேண்டும். மேலும், இந்தக் கணக்குக்கு வேண்டியவை எவை? முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், அவை எடுக்கப்பட்ட தேதிகள், நடப்புக் கட்டணப் பட்டியல். பெயர், முகவரி, இணைப்பு எண் எதுவும் வேண்டியதில்லை. அந்த எண்களை நீங்களே தட்டச்சு செய்துவிடலாம்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங் வீட்டைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. ஸ்மார்ட் மீட்டரோ, அரை மணிக்கு ஒரு முறை பதிந்தாலும், 60 நாளில் 2,880 எண்களைத் தரும். அந்த வரிசையைப் பார்ப்பவர், வீடு எப்போது உறங்குகிறது, எப்போது பூட்டிக் கிடக்கிறது என்று ஊகிக்கலாம். மேலும் நுட்பமாக அளந்தால், எந்தக் கருவி ஓடுகிறது என்பதையும் மொத்த மின்னோட்டத்திலிருந்தே பிரித்தறியலாம். அமெரிக்காவில் 1980-களில் இம்முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் ஹார்ட். இது வீட்டை வேவு பார்க்கும் வழியாகவும் ஆகலாம் என்று 1989-இல் எழுதி எச்சரித்தவரும் அவரே! மீன் வைக்க உறைபெட்டி ஓடும் ஒரு வீட்டை, "இங்கே வணிகம் நடக்கிறது" என்று ஒரு பொறி ஊகித்தால், அந்த ஊகம் யார் கைக்குப் போகும்?

மின்கணக்கைப் பிறருடன் பகிரும் ஏற்பாடு புதியதன்று. அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய 'கிரீன் பட்டன்' திட்டத்தில் இரு வழிகள் உண்டு. ஒன்று, நுகர்வோர் தம் விவரத்தைத் தாமே இறக்கிக்கொள்வது. மற்றொன்று, வேறொரு நிறுவனம் தொடர்ந்து பெற்றுக்கொள்ள இசைவு தருவது. முதலாவதில் சாவி உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவதில் அதன் நகல் வெளியே போகிறது. நம் நாட்டின் 2023 ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், குறித்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கே ஒப்புதல் செல்லும் என்றும், தந்த எளிமையுடனே அதைத் திரும்பப் பெற வழி இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது. உதவியாளரை நாம் அளக்க வேண்டிய அளவுகோல் இதுவே.

இக்கடற்கரையில் 1961-இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அக்காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து உண்டா இல்லையா என்ற துணிவு வாங்குபவருடையது. மின்கணக்கை இணைப்பதில் நிலைமை தலைகீழ்: உள்ளே இருப்பது என்னவென்று அறியாமல் கொடுப்பவர் நாம்.

இனி, அந்த இல்லத்தரசியின் கேள்விக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகும் ஆண்கள் கோடை வெயிலில் வீட்டில் இருந்தார்கள். பகலெல்லாம் மின்விசிறி ஓடியது. கட்டணம் ஏறியதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். கணக்கு 'எவ்வளவு' என்பதைச் சொல்லும். 'ஏன்' என்பதை அறிந்தது வீடுதான். எனவே வாசகர்களே, இணைக்கும் பொத்தானைத் தொடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தெந்த எண்கள் போகின்றன? எத்தனை நாளுக்கு? நிறுத்துவது எப்படி? மூன்றுக்கும் தெளிவான தமிழில் விடை கிடைக்காத வரை, உங்கள் மீட்டரை நீங்களே படித்துக்கொள்வது நல்லது.